தொப்பிக்குள் போலந்து

1

இந்தக் கதை ஒரு காலண்டரிலிருந்து வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் என்னைப் பிடித்து உலுக்க வேண்டியிராது.

அறுபத்தொன்பதில் பாலக்கரையில் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு மாடி கேட்டுப் போனேன். மாடி கிடைக்கவில்லை. கூடத்துச் சுவரில் 1964ஆம் வருஷத்துப் போலந்துக் காலண்டர் ஒன்று ஆகஸ்டு மாதத்தோடு நின்றுபோயிருந்தது. ஆற்றங்கரை மேட்டில் சின்னதாக ஓர் ஊர், செங்கல் கோபுரம், கீழே 'சாண்டோமிர்' என்று பெயர். பக்கத்து ஆணியில் ரயில்வே கார்டு தொப்பி. இதை ஏன் கிழிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். "அது அப்படியே இருக்கட்டுங்க" என்றார்.

மாடியே தராதவரிடம் கதையா கேட்க முடியும்? திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் மீதியை நானே கட்டிக்கொண்டேன். ஆகவே இதில் காலண்டரும் தொப்பியும் உண்மை. மற்றதற்கு நான் பொறுப்பு.

2

தொடக்கங்கள்:

"வைகாசி வெயில் மலைக்கோட்டைப் பாறையில் பட்டு—"

(வேண்டாம். திருச்சியில் வெயில் என்பது செய்தி அல்ல.)

"ஐரோப்பாவின் நடுவில், பால்டிக் கடலுக்குத் தெற்கே அமைந்துள்ள போலந்து—"

(பாடப்புத்தகம். அதை இருதயமேரி ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கிறாள்.)

"இருதயமேரிக்குக் கல்யாணம் முடிவானது போலத்தான், எந்த ஊரில் குடியிருப்பது என்பதுதான் பாக்கி."

இதை வைத்துக்கொள்கிறேன். அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்.

3

இருதயமேரி பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். முப்பதைத் தாண்டிவிட்டவள். கரும்பலகையில் ஐரோப்பாவைக் கையெடுக்காமல் வரைந்துவிடுவாள். திண்டுக்கல்லுக்கு மேற்கே போனதில்லை. அம்மா இல்லை. அப்பா தைரியராஜ், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் தொப்பியை விடவில்லை.

மாப்பிள்ளை கிளமென்ட். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் இன்ஜினியர். பயிற்சிக்காகப் போலந்து போனவரை அங்கேயே மூன்று வருஷம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கிராக்கோவ், விராட்ஸ்வாஃப், கதான்ஸ்க் ஆகிய மூன்று ஊர்களில் எதைக் கேட்டாலும் அங்கே வேலையும் வீடும் தருவார்களாம். (அந்த நாளில் அப்படிக் கேட்டுக் கேட்டுத் தந்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. தந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் தராவிட்டால் கதை இல்லை.) லீவில் வந்தவர் பெண் பார்க்க வந்தார், காலண்டரைப் பரிசாகக் கொடுத்தார், எந்த ஊர் பிடிக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். லீவு முடிவதற்குள் சொல்லியாக வேண்டும்.

இந்த வீட்டு வழக்கம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய காரியம் எதையும் அவர்கள் திருவுளச் சீட்டுப் போடாமல் செய்வதில்லை. செபமாலை சொல்லி முடித்து, திரு இருதய ஆண்டவர் படத்தின் கீழே கார்டு தொப்பியை மல்லாத்தி வைத்து, சீட்டுகளைப் போட்டு, யாருடைய காரியமோ அவரே எடுக்க வேண்டும். ஒரே தடவைதான். கூடவே ஒரு வெறுஞ்சீட்டும் கட்டாயம் போட வேண்டும். ஆண்டவருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு வழி வைக்காமல் அவரிடம் யோசனை கேட்பது மரியாதை இல்லை என்பது தைரியராஜின் கட்சி. அரியமங்கலத்தில் மனை வாங்கப் போனபோது வெறுஞ்சீட்டு வந்தது, விட்டுவிட்டார். பிறகு அங்கே பட்டறைகள் வந்து விலை ஏறியபோது ஆண்டவரைக் குறை சொல்லவில்லை. மனையை வாங்கிய மைத்துனரைத்தான் சொன்னார்.

4

போலந்தில் குடியிருக்க எந்த ஊர் நல்லது என்று அந்த மாதம் பாலக்கரையில் நடந்த ஆராய்ச்சி வேறெங்கும் நடந்திருக்காது.

தைரியராஜுக்குக் கிராக்கோவ். ஆற்றோரம் குன்று, குன்றின் மேல் கோட்டையும் கோயிலும். அந்த ஊரில் வழி தப்பினால் அண்ணாந்து பார்த்தால் போதும், நம்ம ஊர் மாதிரியேதான் என்றார். எத்தனை லைன் பிரிகிறது என்று மட்டும் கிளமென்டிடம் விசாரித்தார். ஜங்ஷன் இல்லாத இடத்தை அவர் ஊர் என்று ஒப்புக்கொள்வதில்லை. கோடையில் காவிரி மணலில் நடந்தே ஸ்ரீரங்கம் போகலாம். அங்கே குளிர்காலத்தில் ஆறு உறைந்தால் மேலேயே நடக்கலாமாம். இரண்டு ஊரும் ஒன்றுதான் என்று இதிலும் ஒரு சான்று கண்டுபிடித்தார். (அந்தக் குன்று மலைக்கோட்டையில் பாதி உயரம்கூட இல்லை. அவரிடம் யார் சொல்வது?)

ரெங்கம்மாள் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற சம்ஸ்கிருத டீச்சர், இருதயமேரிக்கு ஓய்வறைச் சிநேகிதி. காலண்டரில் விராட்ஸ்வாஃபைப் பார்த்ததுமே அவள் முடிவு செய்துவிட்டாள்.

"ஆறு ரெண்டாப் பிரியறது, நடுவில தீவு, தீவில கோயில். வேறென்ன வேணும் நோக்கு? பெருமாள் ஸ்தலத்தைப் பார்த்து வெச்சுட்டார், இன்னும் எழுந்தருளலை, அவ்வளவுதான்."

(ஆற்றின் ஒரு கிளையை எப்போதோ மூடிவிட்டதால் அது இப்போது தீவே இல்லை என்று கிளமென்ட் சொன்னார். இருதயமேரி அதை ஸ்ரீரங்கம் வரைக்கும் கொண்டுபோகவில்லை.)

அடுத்த வீட்டு ஆபிதாவுக்குக் கதான்ஸ்க். அவள் கணவர் பினாங்கில் கடை வைத்திருக்கிறார், எப்போதாவது வருவார். அவள் படத்தில் கோபுரத்தையெல்லாம் பார்க்கவில்லை, கப்பலைத்தான் பார்த்தாள்.

"கப்பல் நிக்கிற ஊராப் பாத்துக்க மேரி. திரும்பி வரணும்னு தோணுச்சுன்னா ஏற ஒரு எடம் வேணும்ல."

திரும்புவதைப் பற்றி யோசித்தவள் அவள் ஒருத்திதான்.

காலண்டரின் மார்ச் மாதத்தில் செஸ்டகோவா என்று ஒரு திருத்தலம் இருந்தது, கரிய முகத்து மாதா. தைரியராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. "இது வேளாங்கண்ணி மாதிரிம்மா. போயிட்டு வர்ற ஊரு. குடியிருக்கிற ஊரு வேற" என்றார்.

5

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன்.

நான்கு பகுதி எழுதியாகிவிட்டது. கிராக்கோவ் நல்லதா கதான்ஸ்க் நல்லதா என்று நானும் அவர்களோடு சேர்ந்து பேசிக்கொண்டே வந்திருக்கிறேன். இருதயமேரிக்குக் கிளமென்டைப் பிடித்திருக்கிறதா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. எழுதுகிற நானும் கேட்கவில்லை.

இப்போது கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது. ஊர்கள் மேல் அவளுக்கு ஆசை இருந்தது. வெறும் ஆசையில்லை, பேராசை. கரும்பலகையில் போட்டுப் போட்டு அழித்த ஆறுகளில் ஒன்றையாவது கரையில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆளைப் பற்றித்தான் ஒன்றும் தோன்றவில்லை. போலந்து முழுவதுமே போயிட்டு வர்ற ஊராக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். பாலக்கரை டீச்சருக்கு அப்படிப் போய்வர வழி கிடையாது. கல்யாணத்தோடு சேர்த்துத்தான் டிக்கெட் வருகிறது. ஊருக்காக ஓர் ஆளோடு காலம் முழுக்க இருப்பதா, அந்த ஆள் மனசில் ஒட்டாததற்காக ஊரையும் விடுவதா? இதுதான் அவளுடைய பிரச்சினை. கதையின் பிரச்சினையும் இதுதான். கொஞ்சம் தாமதமாகச் சொல்கிறேன்.

அதோடு, கிளமென்ட் எனக்குச் சரியாக வரவில்லை. நான் எப்படி எழுதினாலும் அவர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார். கிராக்கோவ் எப்படி என்று கேட்டால், நல்ல ஊருங்க. விராட்ஸ்வாஃப்? அதுவும் நல்ல ஊருங்க. குளிர் எப்படி? "குளிருங்க. ஆனா நல்ல ஊருங்க." இந்த ஆளை வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணை மயக்குவது? ஒரு முறை அவருக்கு மீசை வைத்துப் பார்த்தேன். பாட வைத்தேன்—

(அடித்துவிட்டேன்.)

6

கடைசி வாரம் ஒரு நாள் கூடத்தில் இருவரும் பேசினார்கள். வாசல் கதவு திறந்திருந்தது, தைரியராஜ் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது கேட்டுக்கொண்டிருந்தார்.

இருதயமேரி காலண்டரை ஆகஸ்டுக்குத் திருப்பினாள். ஆராய்ச்சிக்கு வராத ஊர் அது. அவளுக்குப் பிடித்த ஊர் அதுதான் என்பதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஏன் பிடித்தது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மலைக்கோட்டையும் இல்லை, தீவும் இல்லை, கப்பலும் இல்லை. திருச்சி மாதிரி எதுவுமே இல்லாததால் இருக்கலாம்.

"இங்க போயிருக்கீங்களா?"

"ஒரு தடவை போனேங்க. நல்ல ஊருங்க. ஆனா அங்க ஃபாக்டரி இல்ல."

"அப்ப அங்க இருக்க முடியாதா?"

கிளமென்ட் படத்தைப் பார்த்தார். "இருக்க முடியாதுங்க. லீவு நாள்ல போயிட்டு வரலாம்."

அவர் பொய் சொல்லியிருக்கலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்திருக்கலாம். அவள் அதைக் கவனித்தாள். ஆனால் கவனித்தது பிடித்ததாகுமா? ஆகாது. அன்றைக்கு ராத்திரிச் செபத்தில், வெறுஞ்சீட்டு வந்துவிட்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டாள்.

7

சனிக்கிழமை சாயங்காலம் செபமாலை முடிந்தது. படத்தின் கீழே மெழுகுவர்த்தி, அதன் கீழே தொப்பி. கிளமென்ட் ஒரு பக்கம், ஆபிதா வாசற்படியில். ரெங்கம்மாள் தீவுதான் வரும் என்று சொல்லிவிட்டு மத்தியானமே ஸ்ரீரங்கம் பஸ் ஏறியிருந்தாள்.

தைரியராஜ் மூன்று ஊர்ச் சீட்டுகளைத் தொப்பிக்குள் போட்டார். வயதான விரல்கள், மடிப்பு தொளதொளவென்று இருந்தது. இருதயமேரி கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, வெறுஞ்சீட்டு போடலையே."

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. மாதம் முழுக்க ஊர் ஊர் என்று பேசியதில், மனைக்கும் மாட்டுக்கும் மறக்காத மனிதர் மகளுக்கு மறந்துவிட்டார். "ஊருதானேம்மா பாக்கறோம்? அதுக்கு எதுக்கு?" என்றார்.

"போக வேண்டாம்னு இருந்தா, அது எந்தச் சீட்டுலப்பா வரும்?"

தைரியராஜுக்கு முகம் செத்துப்போனது. மாப்பிள்ளையின் பக்கம் திரும்பவே வெட்கமாக இருந்தது. ஆபிதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்போது கிளமென்ட் கையை நீட்டினார்.

"பேப்பர் குடுங்க மாமா. நான் மடிக்கறேன்."

தொப்பியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பிரிக்காமல் அளவு பார்த்தார். மடித்தால் அதே அளவு வரும்படி கிழித்தார். இரண்டாக மடித்து, நாலாக மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் இழுத்துத் தேய்த்தார். இரண்டையும் உள்ளே போட்டுத் தொப்பியைக் குலுக்கி அவள் முன்னால் நீட்டினார்.

"அது வந்துச்சுன்னா?" என்று கேட்டாள் இருதயமேரி.

"வந்தா வந்ததுதாங்க. இதுவும் நல்ல ஊருங்க."

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இத்தனை நாள் இந்த மனுஷன் எங்கே இருந்தார்? வேண்டாம் என்பதை அவள் கையில் கொடுத்த பிறகா வந்து நிற்பது?

8

முடிவுகள்:

அ) "கிராக்கோவ் ரயில் நிலையத்தில் இறங்கியதும் இருதயமேரி அண்ணாந்து—"

ஆ) "வெறுஞ்சீட்டைப் பார்த்ததும் கிளமென்ட் எழுந்து, போயிட்டு வரேங்க என்று—"

இ) எல்லாச் சீட்டிலும் அவளே 'திருச்சி' என்று எழுதி வைத்திருந்தாள் என்று ஒரு முடிவு உண்டு. சினிமாவுக்கு ஆகும். திரு இருதய ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருதயமேரி அந்த வேலை செய்ய மாட்டாள்.

மூன்றையும் விட்டுவிட்டேன். காலண்டரும் எனக்கு உதவவில்லை. போகாதவர்களும் காலண்டரை வைத்திருப்பார்கள், போய்த் திரும்பியவர்களும் வைத்திருப்பார்கள்.

ஆனால் தொப்பிக்குள் கையை விட்டபோது நடந்ததை மட்டும் சொல்கிறேன். அப்பா மடித்த சீட்டுகள் மெத்தென்று விரலில் பட்டன. ஒன்று மட்டும் படவில்லை, குத்தியது. நகத்தால் தேய்த்த ஓரம். எது வெறுஞ்சீட்டு என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. இனி அது திருவுளம் இல்லை, அவள் உளம்தான். எந்த ஊர் என்பதை வேண்டுமானால் ஆண்டவர் பார்த்துக்கொள்ளலாம். போவதா வேண்டாமா என்பது அவள் விரலுக்கு வந்துவிட்டது.

கிளமென்ட் தெரிந்துதான் அப்படி மடித்தாரா? தெரியாது. வெல்டிங்காரர், ஓரம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் எதையும் முடிக்கிறவர் இல்லை. அவர் அவள் கையைப் பார்க்காமல் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆகஸ்டில் இருந்தது.

தொப்பியை இப்போது உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். அந்த வீட்டு வழக்கம் ஞாபகம் இருக்கட்டும், ஒரே தடவைதான். கையை விடுங்கள். எது வெறுஞ்சீட்டு என்று உங்களுக்கும் தெரியும்.