சும்மா கிடந்த கணினி

எழுந்தேன். பல் தேய்த்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன், முன்பக்கம் மட்டும். நின்றபடி ரொட்டி தின்றேன். பேருந்தில் இடம் கிடைத்தது. அலுவலகத்தில் நுழைந்ததும் என் கணினியில் அவளுடைய நிரலைத் திறந்தேன். அவள் போன பிறகு தினமும் முதல் வேலை அதுதான்.

நானும் மனைவியும் ஒரே வரைபட அலுவலகம். ஆறு கரையை உடைத்தால் தண்ணீர் எந்தெந்தத் தெருவுக்குள் நுழையும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய கணினி கேட்டாள், மேலாளர் சிரித்தார். அதனால் ஒரு நிரல் எழுதினாள். யாராவது டீ குடிக்க எழுந்து போனால், அவர் கணினியில் கணக்கின் ஒரு துண்டு போய் உட்காரும். அவர் திரும்பி வந்து மவுஸைத் தொட்டதும் சத்தமில்லாமல் வேறு கணினிக்குப் போய்விடும். யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

"நான் டீ குடிக்கப் போனா என் சீட்டுல பேய் உட்காருதாமே, தங்கச்சி?" என்பார் கணக்காளர்.

"உங்களைவிட ஒழுங்கா வேலை பாக்குது, அண்ணே."

இப்போது அவர் பேய் என்ற சொல்லையே எடுப்பதில்லை.

விடைகளெல்லாம் அவள் கணினியின் நினைவகத்தில் சேர்ந்துகொண்டிருந்தன; அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும். இடையிடையே சேமிக்கும் வசதியை அடுத்த வாரம் எழுதுவதாக இருந்தாள். லாரி அதுவரை பொறுக்கவில்லை. ஆனாலும் கணக்கு ஓடியது. நேற்று மாலை பார்த்தபோது மூன்று துண்டுகள்தான் பாக்கி.

இன்று திரையில் எதுவும் வரவில்லை.

அவள் மேசைக்குப் போனேன். துடைத்துப் பளிச்சென்று இருந்தது. கம்பிகளைச் சுருட்டி ரப்பர் பட்டை போட்டிருந்தார்கள். நடுவில் அவள் புகைப்படம். திரையில் அவள் ஒட்டியிருந்த 'தொடாதீர்கள்' சீட்டை உரித்து, படத்தோடு சட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். அவள் கையெழுத்தாம்.

"எங்களால முடிஞ்சது, தம்பி." கணக்காளரின் கண் கலங்கியிருந்தது.

"கணினியை யார் அணைச்சது?"

"நான்தான். திரை இருட்டாத்தானே இருந்துச்சு? சும்மாதானே கிடந்துச்சு?"

நன்றி என்றேன். தோளைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் இருக்கை காலி, கணினியும் காலி. போய் உட்காரத்தான் ஒன்றும் இல்லை.

லாரி மோதிய அன்று மதியம் சாப்பாடு வாங்கக் கிளம்பியவள், வாசல்வரை போய்த் திரும்பினாள். தன் கணினியை நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டுவிட்டாள்.

"அது பாட்டுக்கு ஓடட்டும், விடு. நான் வந்து பாத்துக்கறேன்."