ஓடி ஒளிந்த ஆயர்

சதுரங்கத்தில் கறுப்புக்காரர் ஆடும் கரோ-கான் தடுப்பாட்டத்தைச் செபமாலை இராகத்தில் பாடமாக்கிய மனிதர் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கிளமென்ற் ஒருவர்தான். ஐரோப்பாவிலேயே அவர் ஒருவர்தான் என்றாலும் பொய்யாகாது. மறுத்துச் சொல்ல இதுவரை யாரும் வரவில்லை.

பகலில் பம்புத் தொழிற்சாலையில் இரும்பு தீட்டுவார். செவ்வாய் பின்னேரங்களில் சதுரங்கக் கழகம். கழகம் என்றால் ஓர் உணவகத்தின் பின்னறை. ஒரு கிளாஸ் பியரை ஒரு பருவகாலம் முழுக்க வைத்துக் குடிக்கத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு சுவிஸ்காரர். இரண்டாம் அணி வெளியூர் போகும்போதெல்லாம் கிளமென்றும் கூடப் போவார், மேலதிக ஆளாக. யாருக்காவது காய்ச்சல் வந்தால் அவர் பலகையில் உட்காரலாம். ஆனால் அந்த அணிக்காரருக்குக் காய்ச்சல் வருவதில்லை. தும்மல்கூட ஆட்டம் முடிந்த பிறகுதான் வரும்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாரியில் அதிசயம் ஒன்று நடந்தது. நாலாம் பலகைக்காரர் காதலித்துக் கலியாணம் முடித்துப் பாடன் நகருக்குக் குடிபோய்விட்டார். அணித் தலைவர் ஹூர்லிமன் தராசை விழுங்கியது போன்ற நீதிமான். "கிளமென்ற், இன்னும் மூன்று கிழமையில், செவ்வாய், நீயும் ரூடியும் ஓர் ஆட்டம் ஆடுங்கள். வெல்பவருக்கு நாலாம் பலகை. அந்தச் சனிக்கிழமை வில் நகரில் ஆட்டம் இருக்கிறது. சமநிலையாக முடிந்தால் இடம் ரூடிக்கு. அவர்தான் மூத்த அங்கத்தவர்," என்றார். நிறத்துக்குச் சீட்டுப் போட்டதில் ரூடிக்கு வெள்ளை, கிளமென்றுக்குக் கறுப்பு.

ரூடி எக்லி ஓய்வுபெற்ற பஸ் சாரதி. புத்தகத்தில் இல்லாத பாதையில் பஸ்ஸும் ஓட்டமாட்டார், காயும் நகர்த்தமாட்டார். ஆட்டத் தொடக்கங்களைப் பற்றிய புத்தகங்கள் அவர் வீட்டுக் குளியல் தொட்டிவரை அடுக்கியிருப்பதாகவும், அதனால் அவர் மனைவி குளிக்கத் தங்கை வீட்டுக்குப் போவதாகவும் கழகத்தில் கதை.

கிளமென்றுக்கு வென்றே ஆகவேண்டும். காரணம், அவருடைய வாய். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றபோது, "வாற மூண்டாம் சனிக்கிழமை வில்லில விளையாடுறன்" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அன்று மாலையே வில்லிலிருந்து மைத்துனன் டெஸ்மன்ட் தொலைபேசி எடுத்தான்.

"அத்தான், இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். வான் பிடிச்சு ஆக்கள் வருகினம். தின்ன றோல்ஸும் சுடுறம்."

"டேய், நான் இன்னும் தெரிவாகேல்லையடா!"

"அதுக்கென்ன? ஆகுங்கோவன்."

ஆகத்தான் வேண்டும். கழக அலுமாரியிலிருந்து கரோ-கான் பற்றிய தடித்த ஜெர்மன் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். தனியே வாசித்தால் இரண்டாம் பக்கத்தில் குறட்டை வந்தது. குறட்டையில் சுவர்க் கடிகாரம் பின்னுக்கு ஓடியது என்று மனைவி யூஜினி சொன்னார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செபமாலையில் ஒருவர் முற்பாதியைச் சொல்ல மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்வதில்லையா? யூஜினி வெள்ளையின் நகர்வைச் சொல்வார், கிளமென்ற் கறுப்பின் பதிலைச் சொல்வார். பிஷப் காயை அந்த வீட்டில் ஆயர் என்றுதான் சொல்வது.

யூஜினி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், ஜெர்மன் நன்றாக வாசிப்பார். அரிசித் தகர டப்பாவில் புத்தகத்தைச் சாத்திவைத்து, புட்டுக்கு மாக் குழைத்தபடி இழுத்து ஓதுவார்.

"வெள்ளையின்ர ஓரச் சிப்பாய் நாலுக்கு வாறார்..."

"எங்கட ஓரச் சிப்பாய் ஆறுக்குப் போறார்."

"வெள்ளைக் குதிரை வெளியில வருகுது..."

"எங்கட குதிரையும் வருகுது."

"ஓரச் சிப்பாய் ஐஞ்சுக்கு வாறார்..."

"எங்கட ஆயர் ஏழுக்கு ஓடுறார்."

"என்னப்பா, ஒரு சிப்பாய்க்கோ ஆயர் ஓடுறது?"

"நிண்டால் அடிச்சுப்போடுவான். நீர் வாசியும்."

"அவையின்ர ஆயர் வாறார்..."

"எங்கட ஆயர் போய் அவரை எடுக்கிறார்."

"ஐயோ, ஆயரை ஆயரே எடுக்கிறதோ!" என்று யூஜினி மாக் கையாலேயே சிலுவை போட்டுக்கொள்வார்.

இப்படியே இரண்டு கிழமை ஓதினார்கள். பக்கத்து வீட்டு சுவிஸ் அம்மா படிக்கட்டில் யூஜினியை மறித்து, தவக்காலம் தொடங்கிவிட்டதா என்று கேட்டார்.

குறித்த செவ்வாய் வந்தது. ரூடி கை கொடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், ராஜாவின் சிப்பாயைத் தள்ளினார். கிளமென்றின் காதுக்குள் யூஜினியின் குரல் ஓதத் தொடங்கிவிட்டது. பலகையைப் பார்க்கும் தேவையே அவருக்கு இல்லை. கை தானாகப் பதில் சொன்னது. ரூடி ஒன்று, இவர் ஒன்று. ஏழு நகர்வுகள் வெண்ணெயில் கத்தி இறங்கினது போலப் போயின.

எட்டாவதில் ரூடி ஓரச் சிப்பாயைத் தொடவில்லை. அதை விட்டுவிட்டு ஆயரை முதலில் கொண்டுவந்தார். நகர்வு முன்பின்னாக மாறிவிட்டது. ஆனால் கிளமென்றின் காதுக்குள் யூஜினி மாறாமல் "ஓரச் சிப்பாய் ஐஞ்சுக்கு" என்று இழுத்துவிட்டார். கை பதில் சொல்லிவிட்டது. கறுப்பு ஆயர் ஏழுக்கு ஓடிப் போய் மூலையோரம் ஒளிந்துகொண்டார். ஆட்ட மணிக்கூட்டையும் அமுக்கியாயிற்று, இனி மாற்ற முடியாது.

அதற்குப் பிறகுதான் பலகையைப் பார்த்தார்.

ஆயரை அடிக்க யாரும் வரவில்லை. எதிரே வந்து நின்ற வெள்ளை ஆயரை எடுத்திருக்கவேண்டிய மனிதர், துரத்த ஒரு பூச்சிகூட இல்லாமல் ஓடியிருக்கிறார். கிளமென்றின் கண்முன் டெஸ்மன்டின் வான் அத்தனை ஆட்களோடும் குடைசாய்ந்தது. ஆனாலும் முகத்தை அசைக்கவில்லை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிவிட்டுத் திரும்புகிறவரின் முகம் போல வைத்துக்கொண்டார்.

ரூடி முன்னுக்குச் சாய்ந்தார். ஒளிந்த ஆயரைத் தன் ஆயரால் எடுத்திருந்தால் போதும். கறுப்பின் கோட்டைக் காய் வந்து திருப்பி எடுத்துவிட்டு அசிங்கமாக நிற்கும், ராணியால் அதைத் துரத்திக்கொண்டே இருக்கலாம். பச்சைப் பிள்ளையும் எடுக்கும். ஆனால் பச்சைப் பிள்ளை புத்தகம் வாசிப்பதில்லை. ரூடி வாசித்த எந்தப் புத்தகத்திலும் இந்த நகர்வு இல்லை. அப்படியென்றால் அது தான் இன்னும் வாங்காத ஏதோ புதிய புத்தகத்தில் இருக்கவேண்டும்!

அவர் யோசித்தார். வெளியே பனி பெய்து, உருகி, மறுபடி பெய்தது. ஹூர்லிமன் வந்து பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். போய் மற்றவர்களையும் கூட்டிவந்தார். ஒருவர் பியரையே மறந்தார், கழக வரலாற்றில் முதல் தடவையாக. ஒரு மணி நேரத்துக்கு மேல் தின்றுவிட்டு ரூடி தன் ஆயரை ஒரு கட்டம் பின்னுக்கு இழுத்தார்.

கிளமென்றுக்கு மூச்சு வந்தது. இதற்குப் பிறகு யூஜினியிடமும் ஓத ஒன்றும் இல்லை. காதுக்குள் அமைதி. அந்த அமைதியில் பலகையைப் பார்த்தார். ரூடி ஒவ்வொரு காயை வைத்த பிறகும், அது எங்கிருந்து வந்தது, எதை விட்டுவிட்டு வந்தது என்று கிளமென்ற் நிதானமாகப் பார்த்தார். புத்தகம் இல்லாமல் ஆடுவது முதலில் சட்டை இல்லாமல் தெருவில் நிற்பது போல இருந்தது. போகப்போகக் காற்று நன்றாகத்தான் இருந்தது. ரூடியோ எல்லா மூலையிலும் அந்தப் புதிய புத்தகத்தையே கண்டார். நேரம் போய், அவசரத்தில் ஒரு குதிரையைக் காவலில்லாமல் விட்டார். கிளமென்ற் இரண்டு தடவை பார்த்துவிட்டு அதை எடுத்தார். சிறிது நேரத்தில் ரூடியின் நேரம் முடிந்து, தோற்றதற்கு அடையாளமாக மணிக்கூட்டில் சிவப்புக் கொடி விழுந்தது.

கை கொடுத்ததும் ரூடி கேட்ட முதல் கேள்வி, "எந்தப் புத்தகம்?"

"புத்தகம் இல்லை, ரூடி. கை தவறிப் போய்விட்டது."

"சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாதே," என்று ரூடி மரியாதையோடு சிரித்தார்.

வழக்கப்படி எல்லோருமாகக் காய்களைத் திரும்ப அடுக்கி ஆராய்ந்தார்கள். ஹூர்லிமன் ஆயரை ஆயரால் எடுத்துக் காட்டினார். "இப்படி எடுத்தால் வெள்ளைக்குச் சுகமாக இருக்கிறதே?"

"அப்படித்தான் தெரியும்," என்றார் ரூடி. "அதுதான் பொறி. எங்கே என்றுதான் தெரியவில்லை."

ஹூர்லிமன் தோளைக் குலுக்கிவிட்டுக் கிளமென்றின் முதுகில் தட்டினார். "நாலாம் பலகை உன்னுடையது. சனிக்கிழமை ரயில் நிலையத்துக்கு வந்துவிடு."

கிளமென்ற் மேல்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ரூடி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "வில்லிலும் அதே நகர்வுதானே?"

"முதலில் அந்த ஆள் என்ன ஆடுகிறான் என்று பார்ப்பேன்."

"பார்ப்பதா?" ரூடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். "சரி, சரி. அதையும் அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களா?"