பவுனுவின் கால்

வெள்ளானூரில் அந்த மழைக்காலம் முழுவதும் கோமளாவின் சினைப்பசு நேராக நடந்தது. அதன் நொண்டலைத் தெருவாசிகள் முறை வைத்து நொண்டினார்கள்.

பசுவின் பெயர் பவுனு. கொட்டகைக்குச் சிமெண்ட் தரை போட்ட பிறகு அதன் வலது பின்னங்குளம்பின் அடியில் புண் வந்து சீழ் கட்டியது. ஆவடியிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் ரோஷினி குளம்பைச் செதுக்கிச் சீழை வடித்தார். புண் தரையில் படாதபடி, அதே காலில் வலிக்காத மறுபாதிக் குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டினார். தரையில் மணல் கொட்டச் சொன்னார். எட்டு மாதச் சினை என்பதால் வலிக்கு மருந்தை அள்ளிக் கொடுக்க முடியாது, பாரம் பொறுக்காமல் படுத்துவிட்டால் தாயும் கன்றும் சேர்ந்தே போகும் என்றார். கணவன் இறந்த பிறகு கோமளா பேசிக்கொண்டிருந்தது அந்த மாட்டோடுதான். "என்னால தாங்க முடியாது டாக்டர்" என்று அழுதாள். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ராபியாவுக்கு அழுகைச் சத்தம் ஆகாது. "சும்மா அயுவாத கோமு. நீ தாங்கலன்னா போ, நா தாங்கிக்கிறேன்" என்றாள்.

சொல்லி முடித்ததும் ராபியாவின் வலது கால் தரையில் பதிய மறுத்தது. பவுனு நான்கு காலையும் ஊன்றி நின்று தண்ணீர் குடித்தது. தாங்குவது என்றால் சுமப்பது. காலைத் தாங்கி நடப்பது என்றால் நொண்டுவது. மாடு இரண்டையும் ஒன்றாகக் கேட்டிருந்தது.

விடிந்ததும் நொண்டல் இறங்கிவிடும், வேறொருவர் ஏற்க வேண்டும் என்பது மறுநாள் தெரிந்தது. எதிர் அடுக்ககத்தில் குடியிருந்த, அம்பத்தூரில் கணினி வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரன் கிஷோர், "இன்னைக்கு நான் தாங்குதேன்க்கா" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே அலுவலகம் போனான். மீட்டிங்கில் குதிகாலுக்குள் ஒரு சின்ன உதை விழுந்ததாகவும், ஏதோ ஒரு உடம்பு தனக்குள் புரண்டு படுத்ததாகவும், வாயில் ஈரப்புல் மணத்ததாகவும் மாலையில் மெல்லிய குரலில் சொன்னான். அதன் பிறகு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த உதைக்காக அடுக்ககமே காத்திருந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டும் வேம்புலி, நொண்டி வருகிறவர்களுக்கு முன்சீட்டைத் துடைத்துவிட்டு, "மாட்டுக்காலா? நீட்டிக்கினு குந்து மாமே" என்பார்.

கோமளாவுக்கு மட்டும் அது வரவில்லை. "ஊரே நொண்டுது, நீ மட்டும் ராணி மாரி நடக்குற" என்று ராபியா கேலி செய்தாள். கோமளா தினமும் மாட்டிடம் கெஞ்சிப் பார்த்தாள். முடியாது என்று முதலில் சொன்னவள் அவள். பவுனு அந்தச் சொல்லையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது.

தீபாவளிக்கு அடுக்ககம் காலியானது. அவரவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். ராபியா தங்கை மகளின் நிக்காஹ்வுக்குப் பூந்தமல்லி போயிருந்தாள். வேம்புலி சவாரியில் இருந்தார். ஏற்க ஆளில்லாமல் நொண்டல் பவுனுவிடமே திரும்பியது. அன்று காலையிலேயே பனிக்குடம் உடைந்தது. கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன, தலை வரவில்லை. பவுனு எழுந்து நிற்க முயன்று முயன்று வலது பக்கமாகவே சரிந்தது. வழியில் இருப்பதாக மருத்துவர் போனில் சொன்னார். கோமளா மணலில் உட்கார்ந்து, கொதிக்கும் அந்தக் குளம்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "பயமா கீதுடி" என்றாள். "பயந்துகினே தாங்குறேன்."

வந்தது. நொண்டல் மட்டும் வரவில்லை, மாட்டின் பாரம் மொத்தமும் வந்தது. அவள் எழுந்து நின்றதும் வலது கால் முழங்கால்வரை மணலுக்குள் இறங்கியது. பவுனு காகிதம்போல எழுந்தது. நின்றபடி ஒரே முக்கு முக்கியது. கன்று வழுக்கிக்கொண்டு அவள் கைகளில் வந்து விழுந்தது. ஆவி பறக்க, கண் திறந்தபடி. தெருவில் வெடித்துக்கொண்டிருந்த சரவெடி அந்த ஒரு மூச்சு நேரம் சத்தமில்லாமல் வெடித்தது.

மறுநாள் விடிந்தும் கோமளாவிடமிருந்து நொண்டல் இறங்கவில்லை. ஊர் திரும்பிய ராபியா வாங்கிக்கொள்ள வந்தாள். "வோணாம், எங்கிட்டயே கெடக்கட்டும்" என்றாள் கோமளா.

அடுத்த வாரம் புண்ணைப் பார்க்க வந்த மருத்துவர் ரோஷினி கொட்டகைக்குள் போகவில்லை. கோமளாவைத் தெருமுனைவரை நடந்துவிட்டு வரச் சொன்னார். வாசலில் நின்று அவள் காலையே கவனித்தார்.

"நல்லா ஆறிட்டு வருதும்மா" என்றார். "கட்டையை எடுத்துடலாம்."