மேப்பிள் துளிர்க்கும் வரை

மே பதினேழாம் தேதி சாயங்காலம் ஊரிலிருந்த பழைய படுக்கை விரிப்பெல்லாம் தோட்டத்துக்கு வந்துவிட்டது. விடியற்காலையில் உறைபனி விழும் என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். குளிர்காலம் போய்விட்டது என்று நம்பி எல்லாமே இலைவிட்டுப் பூத்திருந்த நேரம். ஏரிக்கரைச் சரிவில் திராட்சைத் தோட்டங்கள் பச்சை கட்டி நின்றன. பூப்போட்ட விரிப்பும் கோடுபோட்ட விரிப்பும் போர்த்திக்கொண்டு தக்காளிச் செடிகளும் புளூபெர்ரிப் புதர்களும் காய்ச்சல்காரர்களைப் போலக் குறுகி நின்றன.

லோர்னா தன் தோட்டத்தை மூடி முடித்தபோது வீட்டில் ஒரு விரிப்பும் மிச்சமில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு ஆரினின் மரம் நினைவுக்கு வந்தது. இடுப்பு எலும்பை மாற்றிக்கொள்ள ஆரின் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் வீட்டு முன்னால் ஒரு ஜப்பான் மேப்பிள், குடைபோல் விரிந்து, இலையெல்லாம் திராட்சை ரச நிறத்தில் நிற்கும். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர் ஆரின். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் ஷெட் சுவர் விரிசலில் விரல்நீளம் முளைத்திருந்த கன்றைப் பிடுங்கி வந்து அவர் வளர்த்த மரம் அது. காலையில் எழுந்ததும் மரத்துக்கு வணக்கம் சொல்வார் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

"மெர்ல், ஆரின் மரத்துக்கு எதைப் போத்தறது?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"நம்ம கட்டில்ல கிடந்ததையும் உருவிட்டுப் போயிட்டே. இனி என் சட்டைதான் பாக்கி."

"உன் சட்டை அந்த மரத்துக்கு ரொம்பப் பெருசு, மெர்ல்."

வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது தரையில் போட்ட பிளாஸ்டிக் ஷீட் ஒன்று ஷெட்டில் கிடந்தது. துணியைவிட இது நன்றாகக் குளிர் தாங்கும் என்று லோர்னா நினைத்தாள். மரத்தின் மேல் இழுத்துப் போர்த்தி, அடியில் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு, "ஆண்டவரே, இதைக் காப்பாத்தும்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். யாருக்கு எது செய்தாலும் அவள் அப்படிச் சொல்வது வழக்கம்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். புல் ஒவ்வொன்றும் கண்ணாடி ஊசியாக நின்றது. ஏரி புகைந்துகொண்டிருந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. இவ்வளவு அழகான ஒன்றால் இப்படிக் கொல்லவும் முடியுமா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் செடிகளின் விரிப்புகளை எடுத்தாள். ஆரின் மரத்தருகே போனவள், இன்னும் கொஞ்ச நேரம் கதகதப்பாக இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஆகவேண்டும்.

ஒன்பது மணிக்கு வெயில் அடித்தது. பத்து மணிக்குச் சுட்டது. மூன்று மணிக்கு அவள் திரும்பிவந்து கயிற்றை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து ஆவி முகத்தில் அடித்தது. வேகவைத்த கீரையின் வாசனை. தினமும் அடுப்படியில் நிற்கிறவளுக்கு அது தெரியாத வாசனை இல்லை. இலைகள் கறுத்துத் துவண்டு கிளையோடு ஒட்டிக் கிடந்தன.

ஷீட்டை மடித்து ஷெட்டின் மூலையில் செருகினாள்.

மரத்துக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமே இல்லை. ஊர் முழுக்க வால்நட், ஆஷ், மல்பெரி என்று எல்லா மரமும் தீயில் வாட்டியதுபோல் நின்றன. மலைச்சரிவு அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. ஆரினிடம் போனில், "எல்லா மரத்தையும் பனி கொண்டுபோச்சு ஆரின், உங்களோடதையும்தான்" என்றாள். சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஷெட்டின் மூலையில் மடித்துக் கிடந்தது.

நாலாவது வாரம் அதிசயம் நடந்தது. செத்துப்போன கிளை என்று நினைத்த வால்நட் கொம்புகளில் பச்சை முளைகள் வெடித்தன. ஒவ்வொரு நாளும் சரிவில் ஒரு விரற்கடை பச்சை மேலேறியது. ஒரே வருஷத்தில் இரண்டாம் முறை வசந்தம் வந்ததை மக்கள் காரை நிறுத்திப் பார்த்தார்கள். ஆரினின் மேப்பிள் மட்டும் துரும்பாக நின்றது. அதைக் கடந்துபோகும்போதெல்லாம் லோர்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆரின் வீடு திரும்பிய வாரம், ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு வந்தார். அவர்கள் கோயிலில் ஜெபத்துக்கு முன்னால் ஒரு நேரம் உண்டு. சந்தோஷமோ கவலையோ மனசில் உள்ளதை யார் வேண்டுமானாலும் எழுந்து சபைக்குச் சொல்லலாம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆரின் எழுந்தார்.

"எனக்கு ஒரு சந்தோஷம். நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, அந்தக் குளிர்ல ஒருத்தி வந்து என் மரத்தைப் போத்திவிட்டிருக்கா. மெர்ல் சொன்னான். மரம் பிழைக்குதோ இல்லையோ, லோர்னாவுக்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்றேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மெர்ல் பெருமையாக அவள் முழங்கையைத் தட்டினான். லோர்னாவால் அந்தச் சிரிப்புகளைத் தாங்க முடியவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவள் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு ஒரு கவலை இருக்கு. ஆரின் மரத்தை நான் பிளாஸ்டிக்கால கட்டினேன். வெயில் வந்தப்புறமும் எடுக்கல. பனி பாதிதான் செஞ்சுது. மீதிய நான் அவிச்சுட்டேன். ஒளிச்சும் வச்சேன்." உட்கார்ந்துவிட்டாள்.

பாஸ்டர் ஹெஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் காபிக்கு நின்றபோது, ஆர்கன் வாசிக்கும் ஐடா லோர்னாவிடம் வந்து, "அவிச்சதுதான் அவிச்சே, கொஞ்சம் வெண்ணெயும் போட்டிருக்கலாமே, சமையல்காரி" என்று சொல்லிவிட்டு, அவள் கையில் ஒரு கப் காபியை வைத்துவிட்டுப் போனாள். ஆரின் காபிக்கு நிற்கவில்லை.

மூன்று நாள் அவர் வீட்டு ஜன்னல் திரை மூடியே இருந்தது. நாலாம் நாள் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"லோர்னா! இங்க வா. என்னால குனிய முடியாது. உன் நகம் வேணும்."

அவள் ஓடினாள். அவர் காட்டின இடத்தில் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினாள். மேல் கிளையில் பட்டைக்கு அடியில் பழுப்புதான். நடுக்கிளையிலும் பழுப்பு. அடிமரத்தில் சுரண்டியபோது, நூலளவுக்குப் பச்சை, ஈரமாக.

"உசுரு இருக்கு," என்றார் ஆரின். "எதுவரைக்கும் இருக்குன்னு அதுக்குத்தான் தெரியும்."

"பட்டுப்போனதை வெட்டிவிடவா?"

"இந்தக் கோடை முடியறவரைக்கும் யாரும் கத்திரியோட இந்தப் பக்கம் வரக்கூடாது. நீ தண்ணி ஊத்து. நான் உக்காந்து கோவமா இருக்கேன்."

அப்படியே நடந்தது. தினமும் சாயங்காலம் அவள் வேரைச் சுற்றி மெதுவாகத் தண்ணீர் விட்டாள். அவர் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். இரண்டாவது வாரம், "அந்தப் பக்கம் ஊத்தலியே" என்றார். மூன்றாவது வாரம் தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அவளுக்கு மட்டும் பொறுமை இல்லை. பச்சை இன்னும் இருக்கிறதா என்று வந்தவுடனே நகத்தை வைப்பாள்.

"தோலை உரிக்காத லோர்னா. தூங்கறவனை நிமிஷத்துக்கு ஒருதரம் எழுப்பி, தூங்கறியான்னு கேப்பியா?"

அன்றிலிருந்து தொடவில்லை. தொடாமல் காத்திருப்பது தண்ணீர் சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஜூலை இரண்டாம் வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில் லோர்னா போனபோது மேலே கிளைகள் பழையபடி மொட்டையாகத்தான் இருந்தன. வேரடியில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கலாம் என்று மண்டியிட்டாள்.

அடிமரத்தின் தடித்த பட்டையில், ஒரு கிளைகூட இருந்திராத இடத்தில், குண்டூசித் தலையளவு ஒரு சிவப்பு. எறும்போ என்று நினைத்தாள். நகரவில்லை. கொஞ்சம் மேலே இன்னொன்று. அதற்கு மேல் மூன்று. கண் பழகப் பழக, பட்டை முழுவதும் அவை தெரிந்தன. இரும்பு மாதிரி இருந்த அந்தத் தோலை உள்ளேயிருந்து ஏதோ ஒன்று பொத்துக்கொண்டு வந்திருந்தது. சத்தமே இல்லாமல்.

"ஆரின்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஆரின்!"

அவர் கைத்தடியோடு படியிறங்கி வந்தார். குனிய முடியவில்லை. லோர்னா அவர் கையைப் பிடித்து இறக்கி, அவருடைய சுட்டுவிரலை மிகமெல்ல, எட்டுகிற உயரத்திலிருந்த ஒரு முளையின் மேல் வைத்தாள்.

"பட்டைக்குள்ள இப்படி முளைங்க வருஷக்கணக்கா தூங்கிட்டிருக்கும்னு சொல்லுவாங்க," என்றார். "தேவைப்படலேன்னா கடைசிவரைக்கும் வெளிய வராதாம். இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்திருக்கேன், நான் பார்த்ததில்லை."

"பழைய குடை மாதிரி வருமா?"

"வராது. மேல எல்லாம் போச்சு. இனி வேற மரம் இது." விரலை எடுக்காமல், "நீயும் நானும் பார்க்காத மரம்," என்றார்.

"ஆரின், நான் அன்னிக்கு..."

"பேசாத லோர்னா. பாரு."

அவள் பார்த்தாள். எதைச் செய்தாலும் உதட்டில் வந்துவிடும் ஜெபம் அன்றைக்கு வரவில்லை. யாரோ தன்னை முந்திக்கொண்டு, கேட்பதற்கு எவ்வளவோ முன்னாலேயே, எல்லாவற்றையும் அந்தப் பட்டைக்குள்ளே எடுத்து வைத்திருந்ததுபோல் இருந்தது. ஈர மண் அவள் முழங்காலை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் விரல் முளையின் மேலும், அவள் கை அவர் கையின் மேலுமாக, இருவரும் அசையாமல் இருந்தார்கள்.