மகளின் தட்டு

பாத்திரம் கழுவும்போதுதான் என் மனைவி ஜெபிப்பாள். யாருடைய தட்டைத் தேய்க்கிறாளோ, அவர்களுக்காக. தினமும் மகளுடைய தட்டையும் கழுவுவாள். என் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள் மகள். ஏழு வருஷமாக அந்தத் தட்டில் யாரும் சாப்பிடவில்லை.

“சாப்பிடாத தட்ட எதுக்குடி கழுவுற?” என்று எரிந்து விழுவேன்.

“நீங்களும் ஒரு நாள் கழுவிப் பாருங்க.”

மனைவியை அடக்கம் செய்த மறுநாள் என் தட்டைக் கழுவினேன். பிறகு மகளுடையதை எடுத்தேன். அம்மா செத்ததைக்கூட அவளுக்கு நான் சொல்லியனுப்பவில்லை. சபையில் மணிக்கணக்காக ஜெபிக்கிற வாய் இது. மகள் பேரைச் சொல்லத் திறந்தேன், குரல் எழும்பவில்லை.

குழாயை மூடாமல், கழுவின தட்டையே கழுவிக்கொண்டிருந்தேன்.