கண்டாக்கையாவின் கள்ளிப் பாத்தி

மண்ணோடு பேசும் வரம் கோடியில் ஒருவருக்கே வாய்க்கும். திம்புள்ளப் பக்கத்தில் அது தேயிலைத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற பெரிய கண்டாக்கு செல்லசாமிக்கு வாய்த்திருந்தது. அவர் பேசுவார், மண்ணுக்கு மறுபேச்சுப் பேச இடமிருக்காது.

கண்டாக்காக முப்பத்தாறு வருடம் தேயிலை மலைகளை மேற்பார்வையிட்டவர். ஹட்டன் வீட்டுத்தோட்டப் போட்டியில் பாலைவனச் செடிகளுக்கென்று இந்த வருடம் புதிதாக ஒரு பிரிவு வந்ததும், முதல் பரிசு தனக்குத்தான் என்று பஸ்ஸில் ஏறி இறங்கிய அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். வாசலில் இரண்டடி உயரத்துக்குக் கல் கட்டிப் பாத்தி எழுப்பினார். கள்ளியும் கற்றாழையும் வந்து இறங்கின. மண்தான் பாக்கி.

ஏழாம் நம்பர் மலையின் கறுப்பு மண்ணில் சாணம் கலந்து ஒரு சாக்கு வைத்திருந்தார். நாற்றுமேடையில் வேலை செய்யும் பூரணி, குறுமணலும் சரளையும் செங்கல் துண்டும் கலந்து இன்னொன்று கொண்டுவந்தாள்.

செல்லசாமி கறுப்பு மண்ணைக் கைக்குள் இறுக்கினார். கொழுக்கட்டை மாதிரி நின்றது. பூரணியின் மண் விரலிடுக்கில் ஓடிப்போனது.

"என்னா புள்ள, ரோட்டுக்குப் போடுறத கொண்டாந்திருக்க?"

"கள்ளிக்கு அதுதாங்கய்யா வேணும். ஊத்துற தண்ணி ஓடிறணும். நம்ம மழைக்கு வேர் அழுகிப் போயிருங்க."

"புடிச்சா நிக்கணும், அதுதான் மண்ணு. நான் எத்தன மலைக்குக் கன்னு நட்டவன் தெரியுமா?"

"அது தேயிலைங்க. இதுக்கு முள்ளு இருக்கே, பாக்கலீங்களா?"

"முள்ளு இருந்துட்டா பெரிய ஆளா?"

"சரிங்க, ரெண்டுலயும் ஒரு வாளி ஊத்திப் பாத்துருவோம்."

ஊற்றினார்கள். பூரணியின் சாக்கு மேலே குடித்துக் கீழே விட்டது. கறுப்பு மண்ணின் மேல் குளம் கட்டி நின்றது.

"பாத்தியா, என் மண்ணு தண்ணிய எப்பிடித் தாங்குதுன்னு!" என்றார் செல்லசாமி.

பூரணி சிரித்துக்கொண்டே தன் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜூன் மழை ஆகஸ்ட் வரை நின்று பெய்தது. கள்ளிகள் ஊதின. "கொழுக்குது" என்றார். சாய்ந்தன. "வேர் புடிக்கையில அப்பிடித்தான்" என்றார். பிறகு அவற்றைக் காணவில்லை. அந்த இடத்தில், சாணத்தோடு வந்த விதையிலிருந்து கீரை முழங்கால் உயரத்துக்கு எழும்பியது.

நடுவர்கள் குடையோடு வந்தார்கள். செல்லசாமி மண்ணைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினார். அவர்கள் பாத்தியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள்.

கீரைப் பிரிவில் அவருக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. அந்தப் பிரிவில் மொத்தம் மூன்று பாத்திகள்.