தேனீக்காரர் தலையில் விழுந்த மாத்திரை

1

இந்தக் கதை மருந்துக்கடை வரிசையில் பிறந்தது. நோர்டால் ஊருக்கு இருப்பது ஒரே மருந்துக்கடை. ரத்த அழுத்த மாத்திரைக்காக நான் நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் ஒரு தேனீக்காரரின் படுக்கையறையைப் பற்றிக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். எழுதுகிறவர்களுக்குக் காது நீளம். வீட்டுக்கு வந்த கையோடு முதல் வரியை எழுதினேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஜோலீன் ப்ரெக்கே தன் வெள்ளைக் கோட்டை எடுத்து

அடித்துவிட்டேன். இந்தச் சமவெளியில் பனி கொட்டாத ஜனவரிக் காலை ஏது? இன்னொரு தொடக்கம்:

மருந்தாளுநர் என்பவர் யார்? மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே

இது ஏதோ சட்ட மசோதாவின் முன்னுரை மாதிரி இருக்கிறது. வேண்டாம். அமெரிக்காவின் எந்த மாநிலம் என்றும் சொல்லப்போவதில்லை. நோர்டாலில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்தர்தான். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.*

* தைரியம் என்று எழுதிவிட்டேன். கடைசியில் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம்.

2

கடையை நடத்துகிறவள் ஜோலீன். ஐம்பது தாண்டியவள். 'பரவாயில்லை' என்ற ஒரே சொல்லால் சாவையும் கல்யாணத்தையும் கடந்துவிடுகிற இந்த ஊரில், வாய் ஓயாமல் பேசுகிற ஒரே ஜீவன். யார் காரை யார் பள்ளத்தில் இறக்கினார், எந்தப் பாதிரியார் ஊரை விட்டுப் போகப்போகிறார், எல்லாம் அவளிடம் கிடைக்கும். யார் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது மட்டும் கிடைக்காது. அந்த இடம் வந்ததும் வாய் பூட்டிக்கொள்ளும்.

நோர்டாலுக்கு மருத்துவர் வாரத்தில் ஒரு நாள் வருவார், சாலை திறந்திருந்தால். வசந்தத்தோடு அவரும் ஓய்வு பெறுகிறார். பதிலுக்கு ஆள் இல்லை. அதற்குப் பிறகு ஒரு குழந்தைக்குத் தொண்டை புண்ணானால் இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். ஜோலீனுக்கு அந்தத் தொண்டையைச் சோதிக்கத் தெரியும், எந்த மருந்து என்று தெரியும், மருந்தும் அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது. கொடுக்கச் சட்டம் இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரையே நெய்க்கு அலைய விடுகிற ஏற்பாடு.

இந்த வருஷம் அதற்கு ஒரு மசோதா வந்தது. சின்னச் சின்ன நோய்களுக்கு மருந்தாளுநரே சோதித்து மருந்து தரலாம். ஒன்றோடொன்று சேரக்கூடாத மருந்துகளைக் கண்டால் அவரே மாற்றித் தரலாம். மாநிலம் முழுக்க இருக்கும் மருந்தாளுநர்கள் வெள்ளைக் கோட்டோடு தலைநகரத்துக்குப் போய், சட்டமன்றக் கூடத்தில் மேசை போட்டு, உறுப்பினர்களுக்கு இலவசமாக ரத்த அழுத்தம் பார்த்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். கையில் பட்டையைக் கட்டிவிட்டால் மனுஷன் எழுந்து ஓட முடியாது. அந்த நேரத்தில் மசோதாவைக் காதில் போட்டுவிட வேண்டும். எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர்களுக்குத்தான் அழுத்தம் அதிகம் என்று ஜோலீன் சத்தியம் செய்வாள்.

3

மசோதாவை ஆராயும் செனட் குழுவின் விசாரணையில் பேச நோர்டாலிலிருந்து ஜோலீன். மருந்தாளுநர் சங்கத்தின் ட்ரெஸா என்ற பெண் எல்லோருக்கும் முன்கூட்டியே ஒத்திகை வைத்தாள். "புள்ளிவிவரம் சொன்னீங்கன்னா அவங்க போனை நோண்ட ஆரம்பிச்சுடுவாங்க. ஒரு மனுஷனைச் சொல்லுங்க" என்றாள்.

ஜோலீனிடம் ஒரு மனுஷன் இருந்தார். பிரமாதமான மனுஷன். அவரைத்தான் சொல்லக்கூடாது.

(இனி வருவது என் ஊகம். ஜோலீன் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.)

அந்த மனுஷன் டெல்மர் ஹாஃப்ஸ்டாட். நோர்டாலின் விதை வியாபாரி, மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையில் எங்கள் தொகுதி செனட்டர், மசோதாவை விசாரிக்கும் குழுவின் தலைவரும் அவரே. இதய மருத்துவர் நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எழுதியிருந்தார். பிறகு செனட்டர் வேறொரு ஊரில், வேறொரு மருத்துவரிடம், முதல் மருத்துவரைப் பற்றி மூச்சுவிடாமல், இல்லற உற்சாகத்துக்கு ஒரு மாத்திரை எழுதி வாங்கி வந்தார். இரண்டும் ஒரே ராத்திரியில் உள்ளே போனால் அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கி, உற்சாகத்தோடு உயிரும் போகலாம். ஜோலீன் கொடுக்க மறுத்துவிட்டாள்.

இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்குமா? ஆனால் கவுண்டரில் கேட்டது கவுண்டரோடு. ஆகவே ஜோலீன், கதை எழுதுகிற நாங்கள் செய்வதைச் செய்தாள். ஆளை மாற்றினாள். ட்ரெஸாவின் மேசையில் ஒரு தேன் பாட்டில் இருந்தது. செனட்டர் மனைவியை இழந்த தேனீக்காரர் ஆனார்.

ஒரு மாவட்டத்துக்கே ஒரு தேனீக்காரர்தான் இருக்கிறார், அவருக்கு மனைவி இல்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. கற்பனை செய்கிறோம் என்ற நினைப்பில் இருக்கும்போது நிஜம் கண்ணில் படாது. தொழிலுக்குப் புதிது, பாவம்.

4

விசாரணை இணையத்தில் நேரடியாக ஓடியது. ஜனவரியில் நோர்டாலில் அதைவிட்டால் பார்ப்பதற்கு வேறில்லை. நானும் பார்த்தேன்.

ஜோலீன் அந்தத் தேனீக்காரரை வைத்து நன்றாகவே பேசினாள். இரண்டு மருத்துவர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது, இரண்டு சீட்டும் வந்து சேர்ந்த இடம் என் கவுண்டர், அடுத்த தடவை அதை அங்கேயே சரிசெய்ய எனக்கு அதிகாரம் கொடுங்கள் என்றாள். உறுப்பினர்கள் போனைக் கீழே வைத்தார்கள். தலைவர் ஹாஃப்ஸ்டாட் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். என் ஊகம் முழுக்க அந்தக் கழுத்துப்பட்டையிலிருந்து வந்ததுதான்.

பிறகு அவர் கேட்டார்: "அந்த ஆள் இப்ப எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார், செனட்டர்."

('கேள்வி கேக்கற அளவுக்கு நல்லா இருக்கார்' என்று ஒரு பிரதியில் எழுதிப் பார்த்தேன். அவள் நாக்கு அந்த ரகம்தான். அன்றைக்குக் கடித்துக்கொண்டாள். நானும் கடித்துக்கொள்கிறேன்.)

குழு மசோதாவை அவையின் வாக்கெடுப்புக்கு அனுப்பியது.

5

இந்த ஊரில் ஒருவருக்குக் கஷ்டம் வந்தால் யாரும் வாயால் விசாரிப்பதில்லை. இறைச்சிக்கு மேல் உருளைக்கிழங்கை அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் ஒன்று வாசலில் வந்து உட்காரும். அன்று சாயங்காலமே, மாவட்டத்தின் அந்த ஒரே தேனீக்காரரான ஆர்விட் குவிஸ்டின் வாசலில் முதல் தட்டு. மறுநாள் ஃபிரிட்ஜில் இடம் இல்லை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், காபிக்கு நடுவே, ஊரின் கவலை வேறாக இருந்தது: நெஞ்சு வலி சரி, அந்த இன்னொரு மாத்திரை யாருக்காக? மூன்று விதவைகளின் பெயர் அடிபட்டது. மூவரும் மறுத்தார்கள், ஒருத்தி அவ்வளவாக மறுக்கவில்லை.

சிரிப்பு அதோடு முடிந்தது. கடையில் வரிசை மெலிந்தது. வந்தவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு பேசாமல் போனார்கள். புண் இருக்கிறது, மயக்கம் வருகிறது, போன மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று கவுண்டரில் குனிந்து சொல்கிறவர்கள் எவரும் சொல்லவில்லை. சிலர் பக்கத்து ஊர்க் கடைக்கே கார் ஓட்டினார்கள். ஆர்விட்டின் ரகசியத்தை ஊரறியப் போட்டு உடைத்தவளிடம் யார் வாய் திறப்பார்கள்? சட்டமே வந்தாலும், எதைச் சோதித்து எதற்கு மருந்து கொடுப்பது? ஜோலீன் பயந்துபோனாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

ஆர்விட்டை முதலில் கோபக்காரராக எழுதினேன். கதவை அறைந்துகொண்டு வந்தார், கவுண்டரில் குத்தினார். பிறகு அவரிடமே தேன் வாங்கப் போனபோது நடந்ததை அவர் சொன்னார். கதவை மெதுவாகத்தான் சாத்தினாராம்.

"ஏம்மா ஜோலீன், எனக்கு நெஞ்சு வலி இருக்கா?"

"இல்லை, ஆர்விட்."

"அந்த இன்னொண்ணு?"

"அதுவும் இல்லை. மன்னிச்சுக்கங்க. வாயில வந்த தொழிலைச் சொல்லித் தொலைச்சிட்டேன்."

அது நான் இல்லை என்று ஊருக்குச் சொல்லிவிடு என்றார் அவர். அவளால் முடியவில்லை. ஆர்விட் இல்லை என்றால், அப்படியானால் யார் என்று ஊர் தேட ஆரம்பிக்கும். இருக்கிற ஆண்களை எண்ணிக் கழித்துக்கொண்டே வந்து சரியான ஆளிடம் நிற்கும். தேனீக்காரர் என்பதே கற்பனை என்றால், செனட் குழு முன்னால் பொய் சொன்னவள் ஆவாள், மசோதா செத்தது.

ஆர்விட் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே யோசித்தார். "ஒண்ணு மட்டும் சொல்லு. நிஜமான ஆளு யாரு?"

ஜோலீன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு மட்டும். நானும்தானே மாட்டிக்கிட்டேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, வாய் மட்டும் திறக்கவில்லை.

"சரி" என்றார் ஆர்விட். "இவ்வளவு கேட்டும் சொல்லலைன்னா, நான் என்னிக்காவது உண்மையிலேயே சொல்லப்போறதையும் வெளிய விடமாட்டே. ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் அந்த மாத்திரை என்னோடதாவே இருக்கட்டும் போ." வாசல்வரை போய்த் திரும்பி, அந்த அவ்வளவாக மறுக்காதவளின் ஹாட்டிஷ் உண்மையிலேயே நன்றாக இருந்தது என்றும் சொன்னாராம்.

6

இன்று புதன்கிழமை. வாக்கெடுப்பு நாளை. ஆதரவும் எதிர்ப்பும் சரிபாதி என்கிறாள் ட்ரெஸா. ஹாஃப்ஸ்டாட் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. முடிவுகளை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: ஹாஃப்ஸ்டாட் எழுந்து, 'அந்தத் தேனீக்காரர் நான்தான்' என்கிறார். அவை எழுந்து நிற்கிறது. எழுதும்போது எனக்கே கைதட்டத் தோன்றியது. படித்துப் பார்த்ததும் அடித்துவிட்டேன். இந்த ஊர் ஆண்கள் வீடு தீப்பற்றினாலும் அப்படிப் பேசமாட்டார்கள்.

இரண்டாவது: எதிர்த்து வாக்களிக்கிறார். மறுநாள் நெஞ்சு வலி மாத்திரைக்குக் கவுண்டருக்கு வருகிறார். எல்லோரிடமும் கேட்பதுபோல, மருந்தைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமா என்று ஜோலீன் கேட்கிறாள். அவர்

மூன்றாவது: ஆதரித்து வாக்களிக்கிறார். ஊர் திரும்புகிற வழியில் ஆர்விட்டிடம் வண்டி நிறையத் தேன் வாங்குகிறார். இருவரும் குளிரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

மூன்றில் எது என்று தீர்மானிக்க முடியாமல், இன்று மத்தியானம் கடைக்குப் போனேன். வரிசையில் நான் மட்டும்தான். முழுக் கதையையும் அவள் மொழியில் சொன்னேன். ஜோலீன் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.

"அதெப்படி, ஹாஃப்ஸ்டாட்னு?"

கற்பனைதான் என்றேன். யாராவது ஒருத்தரைப் போட வேண்டியிருந்தது என்றேன்.

"நான் ஒரு தேனீக்காரரைப் போட்டேன். நீங்க ஒரு செனட்டரைப் போட்டிருக்கீங்க." என் மாத்திரையைப் பையில் போட்டு நீட்டினாள். "இந்த ஊருக்கு எத்தனை செனட்டர்னு யோசிச்சீங்களா?"

வீட்டுக்கு வந்து மூன்று முடிவுகளையும் கிழித்துப்போட்டேன். அவர் ஆதரித்தார் என்று எழுதினால், நன்றிக்கடன், அப்போது அவரேதான் என்பீர்கள். எதிர்த்தார் என்று எழுதினால், மறைக்கிறார், அப்போதும் அவரேதான். நான் எதை எழுதினாலும் அது ஒரு நோயாளியின் பெயராகிவிடுகிறது. அவர் வேறு யாராவதாக இருக்கலாம். அவரேயாகவும் இருக்கலாம். எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்தவள் சொல்லமாட்டாள்.

ஆகவே ஹாஃப்ஸ்டாட்டை அவையில் எழுப்பி நிறுத்திவிட்டுப் போகிறேன். அவருக்கு முன்னால் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். நோர்டாலில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை எச்சில் விழுங்க முடியாமல் அழுகிறது. அவர் கை உங்கள் கையில் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் அழுத்துங்கள். எதை அழுத்தினீர்கள் என்பதை மட்டும் யாரிடமும், என்னிடமும், சொல்லிவிடாதீர்கள்.